போனஸில் ஏன் பாகுபாடு?

கேள்வி: எங்கள் கம்பெனியில் தலைமை அலுவலகத்தாருக்கு 20 சதவீத தீபாவளி போனஸ், கிளையில் இருக்கும் எங்களுக்கு 8.33 சதவீதம்தான். எல்லோரும் சேர்ந்து கேட்பது தவறா?
- வாசகர், திருக்கோகர்ணம்

பதில்: தவறே இல்லை. சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

1974 மே 8 அன்று ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். போனஸும் அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. மற்ற பொதுத்துறை ஊழியர்களுக்கு உண்டு, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பதே அவர்கள் கேள்வி. இருபது நாளில் போராட்டம் ஒடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், பலர் வேலை இழந்தார்கள். ஆனால் 1979-ல் ரயில்வேக்கு உற்பத்தித்திறன் சார்ந்த போனஸ் வந்தே விட்டது. இன்று வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1965 போனஸ் சட்டம் குறைந்தது 8.33, அதிகபட்சம் 20 சதவீதம் என்றது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே அளவுதான். ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே தகுதி உண்டு. சம்பள வரம்பு மட்டும் பார்க்க வேண்டும். கிளைகளும் பொதுவாக ஒரே நிறுவனத்தின் பகுதிதான். கிளைக்குத் தனியாக லாப நட்டக் கணக்கு போட்டிருந்தால் நிர்வாகம் அதைக் காட்டித் தப்பிக்கலாம். ஆகவே முதலில் அந்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டு நகல்களை இணைத்து, எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் புதுக்கோட்டையிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். யாரும் தனியாகப் போக வேண்டாம்.