தோற்றே தீரும் ஆட்டம் ஏன் கையை விடுவதில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, காஞ்சிபுரம் கருட சேவைக்குப் போன இடத்தில் அப்பா எனக்கு ஒரு ‘பிரிக் கேம்’ வாங்கித் தந்தார். என்னைவிட அவர்தான் அதை அதிகம் ஆடினார். இப்போது அதே ஆட்டம் செல்போனில். மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது கட்டை அடுக்காமல் தறியில் உட்கார மாட்டார். ஏழாவது படிக்கும் என் மகனும் தாத்தாவிடம் போனைப் பிடுங்கி அதையே ஆடுகிறான். ஜெயிக்கவே முடியாத ஓர் ஆட்டத்தை எப்படி இத்தனை வருஷம் அலுக்காமல் ஆட முடிகிறது? ராத்திரி கண்ணை மூடினாலும் கட்டை விழுகிறது என்கிறான் பையன். இது ஏதாவது கோளாறா?

— ஒரு வாசகி, திருப்புட்குழி

பதில்: இராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டதாகச் சொல்லப்படும் ஊரிலிருந்து கேள்வி வந்திருக்கிறது. அந்த மாணவரின் கேள்விகளால் ஆசிரியர் பட்ட பாடு ஊரறிந்தது. ஆகவே எச்சரிக்கையாகவே பதில் சொல்கிறேன். முதலில் கவலையைத் தீர்த்துவிடலாம்: கோளாறு எதுவும் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் அப்பா ஆடுவது டெட்ரிஸ். தொண்ணூறுகளில் திருவிழாக் கடைகளிலும் பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலும் தொங்கிய சீனப் பொம்மைகளில் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். அத்தனை ஆட்டம் அதில் கிடையாது. சில ஆட்டங்களையே வேகத்தையும் தொடக்க நிலையையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கை ஏற்றியிருந்தார்கள். பாம்பு, கார், டாங்கி எல்லாம் இருக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்ததென்னவோ கட்டை அடுக்குவதில்தான்.

இந்த ஆட்டம் ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, சின்ன வயது ஞாபகம். இதை உங்கள் மகனே பொய்யாக்கிவிட்டான். அவன் அந்தப் பொம்மையைப் பார்த்திருக்கவே மாட்டான். இன்னொன்று, புள்ளி சேர்க்கும் ஆசை. அதுவும் முழு உண்மையில்லை. அந்தப் பொம்மையில் பேட்டரியைக் கழற்றினால் சேர்த்த புள்ளியெல்லாம் போய்விடும். மறுநாள் புது பேட்டரி போட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்க யாரும் தயங்கியதில்லை. ஆக, புள்ளி ஒரு சாக்குதான்.

உண்மைக் காரணத்துக்கு ஆட்டம் பிறந்த இடத்திலிருந்து வர வேண்டும். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் இதை உருவாக்கினார். அவரிடம் இருந்த எலக்ட்ரானிக்கா 60 என்ற கணினியில் படம் வரைய வழியில்லை. எழுத்து மட்டுமே தெரியும். அடைப்புக்குறிகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டையாகக் காட்டினார். அவருக்குப் பிடித்தது பென்டமினோ என்ற புதிர். ஐந்து சதுரங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் கிடைக்கும் 12 உருவங்களை ஒரு பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்குவது அது. விழுந்துகொண்டே இருக்கும் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு அதிகம் என்று பட்டதும் ஐந்தை நான்காகக் குறைத்தார். நான்கு சதுரங்களில் ஐந்தே உருவங்கள் கிடைக்கும். அவற்றில் இரண்டுக்கு இடம்வல மாறிய கண்ணாடிப் பிம்பம் உண்டு. அவற்றையும் எண்ணினால் ஏழு. நீளக் கட்டை, சதுரக் கட்டை, ‘டி’ கட்டை, ‘எல்’ இரண்டு, ஏறுமாறான படிக்கட்டுக் கட்டை இரண்டு. கால் மணி நேரம் ஆடினால் ஏழும் மனப்பாடம்.

(அரசு ஊழியராக இருந்து செய்த வேலை என்பதால் பஜித்னோவுக்கு ராயல்டி வரத் தொடங்கியது 1996-இல். 1989-இல் நின்டெண்டோ நிறுவனம் தன் கேம்பாய் கருவியோடு இந்த ஆட்டத்தைச் சேர்த்து விற்றபோதும் செய்தவர் கைக்குக் காசு வரவில்லை. உழைப்பு ஓரிடம், லாபம் ஓரிடம் என்பதை நெசவாளர் வீட்டுக்கு விளக்கத் தேவையில்லை.)

ஏழு உருவங்கள் மனப்பாடமான பிறகும் ஏன் அலுக்கவில்லை? இங்கே ஒரு சின்னக் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஏழு கட்டையிலும் ஒவ்வொன்றை எடுத்தால் மொத்தம் 28 சதுரம். நாலுக்கு ஏழு என்ற செவ்வகத்திலும் 28 சதுரம்தான். எனவே கச்சிதமாகப் பொருந்தும் என்று தோன்றும். பொருந்தாது. எத்தனை நாள் முயன்றாலும் பொருந்தாது. அந்தச் செவ்வகத்தைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டுங்கள்: 14 கறுப்பு, 14 வெள்ளை. ஆறு கட்டைகள் எங்கே, எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். ‘டி’ கட்டை மட்டும் மூன்றுக்கு ஒன்று என்று மூடும். ஆக மொத்தத்தில் ஒரு நிறம் 15, மற்றது 13. பெட்டியோ 14-க்கு 14 கேட்கிறது.

ஏழில் ஒன்று எப்போதும் கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருக்கிறது என்பதுதான் சங்கதி. அடுக்கின் மேற்பரப்பு முழுசாகச் சமன்பட்டு நிற்பது அரிது. எங்கோ ஒரு குழி, எங்கோ ஒரு மேடு. அடுத்த கட்டை வந்தால் சரியாகிவிடும்போல இருக்கும். வரும், அந்தக் குழி அடையும், இன்னொன்று திறக்கும்.

கடைசியில் தோல்வி நிச்சயம் என்று நீங்கள் சொன்னதும் கணிதத்தில் நிரூபணமானது. படிக்கட்டுக் கட்டைகள் இரண்டும் மாறி மாறி மட்டுமே விழுந்தால், எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரானாலும் 70,000 கட்டைகளுக்குள் தோற்றே ஆக வேண்டும் என்று ஹெய்டி பர்கீல் என்ற கணிதவியலாளர் 1997-இல் காட்டினார். கட்டைகள் முழுக்கச் சமவாய்ப்பில் விழும்போது, ஆட்டம் முடிவின்றி நீண்டால் என்றாவது ஒரு நாள் அப்படி ஒரு வரிசை வந்தே தீரும். உங்கள் அப்பா அந்த நாளுக்காகக் கவலைப்பட வேண்டாம். மத்தியான அரை மணிக்குள் வராது. இன்றைய செல்போன் பதிப்புகள் பலவற்றில் ஏழு கட்டையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஏழும் தீர்ந்த பிறகே மறுசுற்று எடுக்கும் ஏற்பாடு இருப்பதால் அந்த விபரீதம் வரவே வழியில்லை.

இவ்வளவும் ஆட்டத்தின் பக்கம். ஆடுபவர் பக்கம் நடப்பதுதான் எனக்கு இன்னும் சுவையாகப் படுகிறது.

1994-இல் கலிபோர்னியாவில் டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்ற இரு ஆய்வாளர்கள் டெட்ரிஸ் ஆடுபவர்களின் விரலசைவுகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். எல்லோரும் எதிர்பார்ப்பது என்ன? கட்டை வந்ததும் மனசுக்குள் திருப்பிப் பார்த்து, இடத்தை முடிவுசெய்து, பிறகு பொத்தானை அழுத்துவார்கள் என்றுதானே? நடந்தது வேறு. கட்டை தலைகாட்டியதுமே, எங்கே வைப்பது என்று தெரியும் முன்பே, ஆடுபவர்கள் அதைத் திருப்பத் தொடங்கிவிடுகிறார்கள். தேவைக்கு மேல் திருப்பி, பிறகு பழைய நிலைக்கே கொண்டுவருகிறார்கள். வீண் அசைவு போலத் தோன்றும் இதில்தான் சூட்சுமம். மனசுக்குள் ஓர் உருவத்தைக் கால் சுற்றுத் திருப்ப ஏறக்குறைய ஒரு விநாடி பிடிக்கிறது. பொத்தானை அழுத்தித் திரையில் திருப்ப அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். எனவே மூளை தன் வேலையை விரலிடம் ஒப்படைத்துவிடுகிறது. இப்படி ஒன்றைச் செய்து முடிப்பதற்காக அல்லாமல் தெரிந்துகொள்வதற்காகச் செய்யும் அசைவுக்கு ‘அறிதற்செயல்’ என்று பெயர் வைக்கலாம்.

உங்கள் அப்பாவிடம் இதற்கு விளக்கமே வேண்டாம். தறியில் உட்கார்ந்து நாடா ஓட்டும்போது நடுநடுவே அவர் கை பாவின்மேல் ஒரு தடவு தடவிவிட்டு வரும், கவனித்திருப்பீர்கள். அந்தத் தடவலில் ஓர் அங்குலம்கூடச் சேலை வளராது. இழையின் விறைப்பு சரியாக இருக்கிறதா என்று கை கேட்டுத் தெரிந்துகொள்கிறது. யோசித்துவிட்டுச் செய்வது, செய்துவிட்டு யோசிப்பது என்ற இரண்டும் இல்லாமல், செய்வதே யோசனையாக இருக்கும் நிலை அது. டெட்ரிஸ் அந்த நிலைக்கு யாரையும், முன்பயிற்சி ஏதுமின்றி, ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய்விடுகிறது. நாற்பது ஆண்டுகளாக அது மங்காததற்கு முதற்காரணம் இதுவே என்பது என் தீர்ப்பு. படமும் இசையும் புள்ளியும் பிறகுதான்.

புள்ளியை அடியோடு ஒதுக்கிவிடவும் முடியாது. அது பேராசைக்கு எண்ணெய் ஊற்றுகிறது. நின்டெண்டோவின் 1989 பதிப்பில் தொடக்க நிலையில் ஒரு வரிசையை அழித்தால் 40 புள்ளி. நான்கை ஒரே நேரத்தில் அழித்தால் 160 அல்ல, 1200. நான்கை அழிக்க நீளக் கட்டையால்தான் முடியும். அதனால் ஓரத்தில் ஒரு பள்ளத்தை வேண்டுமென்றே திறந்து வைத்து, மற்ற இடத்தையெல்லாம் உயர்த்திக்கொண்டு காத்திருக்கிறோம். ஏழு கட்டையும் சமவாய்ப்பில் விழுந்தால், தொடர்ந்து 14 கட்டைகளில் ஒன்றுகூட நீளக் கட்டையாக இல்லாமல் போவதற்கு நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அடுக்கு தலைக்குமேல் ஏறிய பிறகு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? குற்றம் சொல்ல வேறு ஆளும் இல்லை. பள்ளம் தோண்டியது நாம். அதனால்தான் தோற்றவர் கோபப்படாமல் உடனே மறுபடி தொடங்குகிறார்.

இனி பையன் கண்ணில் விழும் கட்டைகள். ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 27 பேர் மூன்று நாள் டெட்ரிஸ் ஆடினார்கள். உறக்கம் பிடிக்கும் தறுவாயில் 17 பேர் கட்டைகள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்த 27 பேரில் ஐவர் மூளைப் பாதிப்பால் புது நினைவுகள் தங்காதவர்கள். ஆட்டத்தை மறுபடி கொடுத்தால் முதல்முறை பார்ப்பதாக நினைப்பவர்கள். அவர்களிலும் மூவர் கட்டைகளைக் கண்டார்கள், எங்கே பார்த்தது என்று சொல்லத் தெரியாமலே. ஆக, பகலில் கை பழகியதைத் தூங்கப்போகும் மூளை எடுத்துப் புரட்டிப் பார்ப்பது இயல்பு. இதற்கு ‘டெட்ரிஸ் விளைவு’ என்றே பெயர். தூக்கம் கெடுகிறது என்றால் மட்டும் படுப்பதற்கு முந்தைய ஆட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள்.

பள்ளி விடுமுறையில் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். சேலை டிசைன் போடும் கட்டம் போட்ட கிராஃப் தாள் உங்கள் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும். ஏழு கட்டைகளையும் இரண்டிரண்டாக வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மொத்தம் 14 கட்டை, 56 சதுரம். இரண்டு ‘டி’ கட்டைகள் இருப்பதால் ஒன்று கெடுத்த கணக்கை மற்றது நேர்செய்துவிடும். ஏழுக்கு எட்டு என்ற செவ்வகத்தில் இவை இடைவெளியின்றி அடங்கும். இதில் ஜெயிக்க முடியும். தாத்தாவும் பேரனும் அடுக்கி முடித்ததும் அந்தத் தாளை மறக்காமல் எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.