குழாய்த் தண்ணீர் எங்கே பிறக்கிறது?

ஆகுர்டியில் குழாயில் தண்ணீர் வருகிறது. குடங்கள் நிறைகின்றன. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ராவேத்திலிருந்து என்று பலர் சொல்வார்கள். சரிதான். ராவேத்தில் பவனா ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். நிக்டியில் அதைச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு குழாயில் விடுகிறார்கள். ஆனால் பவனா ஆற்றுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்?

ஆகுர்டி ஸ்டேஷனில் லோனாவளா போகும் லோக்கல் ரயிலைப் பாருங்கள். அது தளேகாவ், காம்ஷேத் தாண்டி மலைகளுக்கு நடுவே போய் நிற்கும். இந்த மலையை இங்கே சஹ்யாத்ரி என்பார்கள். தமிழில் மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். தெற்கே குற்றாலத்தில் அருவி கொட்டுவதும் இதே மலைத்தொடரில்தான். இதன் நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். கோதாவரி, கிருஷ்ணா, காவிரி, தாமிரபரணி எல்லாம் இந்த மலையில்தான் பிறக்கின்றன. பவனாவும் இங்கேதான் பிறக்கிறது.

புனே நகரில் ஓர் ஆண்டில் சுமார் 70 சென்டிமீட்டர் மழை பெய்யும். லோனாவளா பக்கம் 400 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டும். பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் பெய்துவிடும். மீதி எட்டு மாதம் என்ன செய்வது? அணை இருக்கிறதே என்பீர்கள். அணை இருக்கிறது. அணைக்கு மேலே இன்னோர் அணை இருக்கிறது. அதுதான் மழைக்காடு.

மழைக்காட்டில் மரங்கள் உயரமாக, நெருக்கமாக நிற்கும். மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது. முதலில் இலையில் விழும். இலையிலிருந்து கிளைக்கு வரும். கிளையிலிருந்து மெதுவாகத் தரைக்கு வரும். தரையில் பல ஆண்டு உதிர்ந்த சருகு மெத்தை போலக் கிடக்கும். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு வேர் வழியே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். மழை நின்ற பிறகும் அது சிறு ஊற்றாகக் கசிந்து ஓடையில் சேரும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு பழைய தட்டுகளில் மண்ணை நிரப்புங்கள். ஒன்றின் மேல் சருகைப் பரப்புங்கள். இரண்டையும் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். ஒரு செம்புத் தண்ணீரை இரண்டிலும் ஒரே மாதிரி ஊற்றுங்கள். எந்தத் தட்டில் மண் கரைந்து ஓடுகிறது?

தட்டில் நடந்தால் அது விளையாட்டு. மலையில் நடந்தால்?

நம் புனே மாவட்டத்திலேயே அது நடந்தது. ஆம்பேகாவ் தாலுகாவில் மாளின் என்று ஒரு மலைக் கிராமம். 2014 ஜூலை 30. விடாத மழை. காலையில் மலைச்சரிவு அப்படியே இறங்கி ஊரை மூடியது. வழக்கம்போல் வந்த அரசு பஸ்ஸின் டிரைவர் ஊரைக் காணாமல் திகைத்தார். அவர் போய்ச் சொன்ன பிறகே வெளி உலகுக்குத் தெரிந்தது. 150 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

கனமழை ஒரு காரணம். சரிவில் மரம் வெட்டியதும், இயந்திரம் வைத்து மலையைச் சமப்படுத்தியதும் காரணங்கள் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். மாளின் மக்கள் ஏழை ஆதிவாசிகள். துண்டு நிலத்தில் வயிற்றுப்பாட்டுக்குப் பயிர் செய்தவர்கள். அவர்களைக் குறை சொல்வது எளிது. லாபத்துக்காக மலையைக் குடைந்து பங்களா கட்டுபவர்களைக் கேட்க ஆள் குறைவு.

பத்து ஆண்டு கழித்து, 2024-இல், அதே ஜூலை 30. இதே மலைத்தொடரில், கேரளத்தின் வயநாட்டில் மண் சரிந்தது. 200 பேருக்கும் மேல் மாண்டார்கள்.

இந்த மலையை எப்படிக் காப்பது என்று ஆராய 2010-இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. புனேயைச் சேர்ந்த அறிஞர் மாதவ் காட்கில் அதன் தலைவர். குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது. மலையில் எதைச் செய்வது என்று கிராம சபைகளையும் கேட்க வேண்டும் என்றது. பிழைப்பு போய்விடுமோ என்று மலை மக்கள் பலர் பயந்தார்கள். மாநில அரசுகளும் தயங்கின. பிறகு வேறொரு குழு வந்தது. வரைவு அறிவிப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. வயநாடு சரிந்த மறுநாள் வந்ததும் ஒரு வரைவுதான்.

ஆனால் எழுதிய சட்டம் இல்லாமலே காடு காத்தவர்கள் இந்த மலையில் உண்டு. சஹ்யாத்ரி கிராமங்களில் தேவ்ராய் என்று சொல்வார்கள். நம் ஊர்க் கோயில்காடு போல. சாமிக்கு விட்ட காடு. அங்கே கோடரி படக்கூடாது. பல இடங்களில் காய்ந்த சுள்ளிகூடப் பொறுக்க மாட்டார்கள். 1970-களில் காட்கிலும் தாவர அறிஞர் வர்த்தக்கும் இந்தக் காடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதினார்கள். சுற்றிலும் மொட்டை மலை; நடுவே பெரிய பெரிய மரங்கள். பல தேவ்ராய்களில் ஊற்றும் இருக்கும். அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குக் காட்டின் அருமை தெரிந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அவர்களில் பலர்.

தண்ணீர் மட்டுமா? நம் ரசத்தில் போடும் மிளகு, முதலில் இந்த மலைக்காட்டில் தானாகப் படர்ந்த கொடி. நார்க்யா என்று ஒரு சிறு மரம் சஹ்யாத்ரியில் வளர்கிறது. புற்றுநோய் மருந்துக்கு வேண்டிய சத்து அதில் இருக்கிறது. அது தெரிந்ததும் மூட்டை மூட்டையாக வெட்டி விற்றார்கள். இப்போது காட்டில் அது குறைந்துவிட்டது.

இன்னொரு சேதி. பவனா முளா ஆற்றில் சேருகிறது. அந்தத் தண்ணீர் பீமா ஆற்றுக்குப் போகிறது. பீமா கிருஷ்ணாவில் கலக்கிறது. கிருஷ்ணா நீரில் ஒரு பங்கு, தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாக 1996 முதல் சென்னைக்கும் போகிறது. அதற்காக மகாராஷ்டிரா தன் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆகுர்டியில் இருப்பவர்களும் சென்னையில் இருக்கும் அவர்கள் சொந்தக்காரர்களும் ஒரே மலையை நம்பித்தான் குடத்தைத் தூக்குகிறார்கள்.

பேசிப் பாருங்கள்: உங்கள் சொந்த ஊர் ஆறு எந்த மலையில் பிறக்கிறது? அந்த ஊரில் கோயில்காடு இருந்ததா? இப்போதும் இருக்கிறதா? இல்லை என்றால், அதை யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள்?