துறையறிஞர் மதிப்பீடு பெற்ற கட்டுரையை இனங்காணல்

ஒரு நூல் உலகிற் பரவுமுன் அவையில் அரங்கேறுதல் நந்தமிழ் மரபு. தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன் அரங்கேறிற்றெனப் பாயிரங் கூறும். ஆராய்ச்சிக் கட்டுரையை அச்சேறுமுன் அத்துறை வல்லார் ஆய்ந்து குற்றங்குறைகளை எடுத்துரைப்பதும் அத்தகையதே. இதனைத் துறையறிஞர் மதிப்பீடு என்போம்.

இவ்வழக்கம் ஒருநாளில் நிலைபெற்றதன்று. 1665 இல் ஒல்டன்பேக் இலண்டனில் தொடங்கிய சஞ்சிகைக்கு அவரே தீர்ப்பாளர். 1752 இல் றோயல் சங்கம் அதனைப் பொறுப்பேற்று, கட்டுரைகளைத் தேர்தற்கு ஒரு குழுவை அமைத்தது. 1936 இல் 'பிசிக்கல் றிவியூ' பத்திராதிபர் ஐன்ஸ்ரைனின் கட்டுரையொன்றை வேறோர் அறிஞருக்கு அனுப்பினார். ஐன்ஸ்ரைன் சினந்து அதனை மீளப்பெற்றார். எனினும் அவ்வறிஞர் சுட்டிய வழு மெய்யே. மறு சஞ்சிகையில் 1937 இல் வெளிவந்தபோது கட்டுரையின் முடிபு மாறியிருந்தது. 'நேச்சர்' சஞ்சிகை இம்மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973 இலேதான். ஆதலின், இன்றைய விதிகொண்டு பழங்கட்டுரையை அளத்தல் தகாது.

இனி, இனங்காணும் வழிகளை நோக்குவோம்.

முதலாவது, கட்டுரையாளருக்குச் சஞ்சிகை வகுத்துள்ள விதிகளைப் படித்தல் வேண்டும். மதிப்பிடுவோர் எத்துணையர், அவர்க்கு ஆசிரியர் பெயர் மறைக்கப்படுமோ என்பன ஆங்குக் கூறப்பட்டிருக்கும்.

இரண்டாவது, கட்டுரையின் முதற்பக்கத்தையும் இறுதியையும் நோக்குக. கிடைத்த நாள், திருத்திய நாள், ஏற்ற நாள் என்பன தரப்பட்டிருப்பின் அது நல்ல அறிகுறி.

மூன்றாவது, 'உல்றிச்' போன்ற சஞ்சிகை விவரக்கோவைகளை நூலகத்தில் ஒப்புநோக்குக.

நான்காவது, கட்டுரையின் வகையைத் தெளிக. மதிப்பீட்டுச் சஞ்சிகையில் வந்ததேனும், தலையங்கமும் நூல் மதிப்புரையும் பொதுவாக மதிப்பீட்டிற்கு உட்படுவனவல்ல.

சஞ்சிகையின் கூற்றொன்றையே நம்புதலும் ஆகாது. 2013 இல் ஜோன் பொஹனன் என்பார் வெளிப்படையான வழுக்கள் நிறைந்த போலிக் கட்டுரையொன்றைக் கட்டணம் பெறும் 304 சஞ்சிகைகளுக்கு அனுப்ப, 157 அதனை ஏற்றன.

மதிப்பீடு பெற்றமையால் ஒரு கட்டுரை பிழையற்றதாகிவிடாது. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரையை 'லான்செற்' 1998 இல் வெளியிட்டு, 2010 இலேதான் நீக்கிற்று. அதற்கிடையில் பிரித்தானியப் பெற்றோர் பலர் தடுப்பூசிக்கு அஞ்சினர். சின்னமுத்து மீண்டும் பரவிற்று. ஆகவே, மேற்கோள் காட்டுமுன், கட்டுரை பின்னர் நீக்கப்பட்டதோ என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

மதிப்பீடு வாயிற்காவலன் போன்றது. வீட்டினுட் புகுந்ததை ஆராயும் பொறுப்பு வீட்டுக்காரனுடையது. மாணவர் இப்பொறுப்பை இளமையிலேயே பயிலுவாராக.