வாதுமையும் நாட்டு வாதுமையும்

வாதுமை என்னும் ஒரே பெயரால் நம் நாட்டில் இரு வேறு மரங்கள் வழங்கி வருகின்றன. ஒன்று, கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கும் பாதாம் பருப்பைத் தருவது. மற்றொன்று, மேச்சேரி, மேட்டூர் முதலிய ஊர்களில் நிழலுக்காக வைக்கப்பெறும் நாட்டு வாதுமை. பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றெனக் கருதி, பாதாங்கன்று எனச் சொல்லப்படுவதை மிகுந்த பொருள் கொடுத்து வாங்கி மேட்டாங்காட்டில் நடும் குடியானவர், பல ஆண்டுகள் நீர் வார்த்தும் பலன் காணார். ஆதலின் இவ்விரு மரங்களின் வரலாற்றையும் இயல்பையும் ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

சரித்திரம்

பாதாம், ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீச், பிளம் ஆகிய பழமரங்களுக்கு நெருங்கிய உறவினது. இதன் தாயகம் மேற்கு ஆசியாவும் அதனை அடுத்த மத்திய ஆசியாவுமாம். காட்டு வாதுமையின் பருப்பு கசப்புடையது. அக்கசப்புப் பொருளிலிருந்து கொடிய நஞ்சாகிய சயனைடு பிறக்கும். இனிய பருப்புத் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்துப் பண்டைய மக்கள் வளர்த்தமையாலேயே இது உணவாயிற்று. ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த சிறு மாற்றமே இவ்வினிமைக்குக் காரணம் என்பது 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. எகிப்து தேசத்தில் 1922-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட துட்டங்காமன் மன்னனின் கல்லறையிலும் வாதுமைக் கொட்டைகள் இருந்தன. இக்காலத்தில் உலக விளைவில் மிகப் பெரும்பங்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தினதே. இந்தியாவில் காசுமீரமும் இமாசலப் பிரதேசத்தின் மலைப் பகுதிகளும் இதற்குரிய இடங்கள்.

பாதாம் பயிராகும் முறை

காசுமீரத்தில் பனிக்காலம் முழுவதும் இம்மரம் இலையுதிர்த்து உறங்கும். மார்ச்சு மாதத்தில், இலை துளிர்க்குமுன், வெண்மையும் இளஞ்சிவப்புமான பூக்கள் கிளைகளை மூடும். ஸ்ரீநகரிலுள்ள பாதாம்வாரித் தோட்டம் இக்காட்சிக்குப் பெயர்பெற்றது. பெரும்பாலான இனங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. ஆகையால் ஒரே சமயத்தில் பூக்கும் வேறோர் இனத்தை இடையிடையே நட்டு, தேனீக்களையும் பேணுதல் வேண்டும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மேல்தோல் வெடிக்கும்போது காய்களை உதிர்த்து, தோல் நீக்கி உலர்த்துவர்.

நம் பகுதிக்கு ஒவ்வாமை

மொட்டுகள் உறக்கம் நீங்கிச் செவ்வனே பூப்பதற்கு, சுமார் 7 பாகை செண்டிகிரேடுக்குக் குறைந்த குளிர் சில நூறு மணி நேரம் வேண்டும். சேலம் சமவெளியில் மார்கழி இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 15 பாகைக்கு மேலேயே நிற்கும். ஏற்காட்டு மலையிலும் அத்தகைய நீடித்த குளிர் இல்லை. எருவும் நீரும் எவ்வளவு இட்டாலும் குளிருக்கு ஈடாகா. மரம் உயிரோடிருப்பினும் விளைவை எதிர்பார்த்தல் வீண். கன்று வாங்குவோர் இலையைப் பார்த்தே இனம் அறியலாம். பாதாமின் இலை குறுகி, வேல் போல் நீண்டு, ஓரம் நுண்ணிய பல்லுடையது. நாட்டு வாதுமையின் இலை அகன்று, ஒரு சாண் அளவு நீண்டு, நுனி உருண்டிருக்கும்.

நாட்டு வாதுமை

இது மருது, கடுக்காய், தான்றி ஆகியவற்றின் இனத்தது. வெப்ப நாட்டுக் கடற்கரைகளே இதன் பிறப்பிடம். காய் நீரில் மிதந்து தொலைவு சென்று முளைக்கவல்லது. கிளைகள் அடுக்கடுக்காகக் குடை போல் படரும். இலைகள் உதிருமுன் செந்நிறமடையும்.

நன்கு பழுத்து உதிர்ந்த காய்களை நாற்றங்காலில் ஊன்றி நீர் தெளித்துவரின், ஏறக்குறைய ஒரு மாதத்தில் முளை காணத் தொடங்கும். கன்றுகள் ஒன்றரை அடி உயர்ந்தபின், புரட்டாசி, ஐப்பசி மழையில், 2 அடிக் குழி வெட்டி, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்திட்டு நடுக. மரத்திற்கு மரம் 30 அடி இடைவெளி இருத்தல் நலம். முதல் இரண்டு கோடைகளில் நீர் வார்த்தல் இன்றியமையாதது. ஆதலால் கிணற்றடி வாய்க்கால் ஓரமும் வீட்டுப் புறக்கடையுமே ஏற்ற இடங்கள். நிலக்கடலைக் காட்டின் நடுவே வைத்தலாகாது. அதன் அடர்ந்த நிழல் பயிரைக் கெடுக்கும்.

உபயோகங்கள்

பழத்தின் மேற்சதை புளிப்பும் இனிப்பும் கலந்து சிறுவர்க்கு விருப்பமானது. உள்ளிருக்கும் பருப்பு சிறியதாயினும் சுவையுடையது. அதில் ஏறக்குறைய பாதி எண்ணெய். ஓடு மிகக் கடினமாதலின் உடைக்கும் கூலிக்கு வரும்படி கட்டாது. ஆகவே வீட்டு உபயோகத்திற்கே உரியது. பட்டையிலும் இலையிலும் உள்ள துவர்ப்பொருள் தோல் பதனிடவும் சாயமிடவும் உதவும். தோலின் தரத்தால் புகழ்பெற்ற மேச்சேரி ஆட்டினம் வளரும் இவ்வூரார்க்கு இச்செய்தி புதுமையன்று. ஆவாரம் பட்டையை அவர்கள் அறிவர். உதிரும் இலைகளை எருக்குழியிலிட்டு மக்கவைக்கலாம்.

முடிவுரை

பாதாம் பருப்பில் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு புரதமும் 50 பங்கு கொழுப்பும் உண்டு. நம் செம்மண் மானாவாரியில் விளையும் நிலக்கடலைப் பருப்பிலோ புரதம் சுமார் 25 பங்கு, கொழுப்பு 48 பங்கு. உடலுக்கு உறுதி தரும் பொருள் நம் காட்டிலேயே விளைகின்றது. விலையுயர்ந்தது ஒன்றே சத்துடையது என்பதன்று. ஆகவே வருவாய்க்கு நிலக்கடலையையும், நிழலுக்கும் சிறுவர் தீனிக்கும் இரண்டொரு நாட்டு வாதுமையையும் வைத்துக்கொள்க. குளிர்நாட்டு மரத்தின் கன்றுக்குச் செலவிடும் பணத்தை நல்ல கடலை விதைக்கும் தொழுவுரத்திற்கும் செலவிடுவதே குடியானவர்க்கு நன்மை பயக்கும்.