ஹெட்லைட் மாற்ற நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து, தெருவிளக்கு இல்லாத இருவழிச் சாலையில் தினமும் வீடு திரும்புகிறீர்கள். பைக் வெளிச்சம் போதவில்லை. எல்இடி பல்பு போட்டால் ரோடு பகல் மாதிரி தெரியும் என்று கடைக்காரர் சொல்கிறார், போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பைக்கில் இருப்பது 60/55 வாட் ஹெச் 4 பல்பு. அதைக் கழற்றி, கண்ணாடியில் விரல் படாமல் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். முன்னால் உள்ள இழைக்குக் கீழே சின்னதாக ஒரு தகட்டுக் கிண்ணம் தெரியும். அதுதான் டிம் இழை. அதன் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் கிண்ணம் தடுத்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டு, தாழ்ந்து சாலையில் விழும். கிண்ணம் இல்லாத பின் இழை எரிந்தால் ரிஃப்ளெக்டர் முழுக்க வேலை செய்யும், வெளிச்சம் நேரே தூரம் போகும். அது பிரைட். இரண்டுக்கும் சக்தியில் 5 வாட்தான் வித்தியாசம். மற்றதெல்லாம் திசை.

கடையில் விற்கும் எல்இடி பல்புகள் பெரும்பாலானவற்றில் ஒரு தட்டையான தண்டின் இருபக்கமும் சிப்பு ஒட்டியிருப்பார்கள். இழை இருந்த இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே ரிஃப்ளெக்டரின் கணக்கு தப்பிவிடும். நீங்கள் டிம்மில் வந்தாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். உங்களுக்கும் நன்மையில்லை. சக்கரத்துக்கு முன்னால் கொஞ்ச தூரம் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளிச்சுக்குக் கண் பழகிவிடுவதால் அதற்கு அப்பால் நிற்கும் மாடு தெரியாது. கம்பெனியிலிருந்தே எல்இடியோடு வரும் பைக்குகளின் கதை வேறு. அவற்றின் ரிஃப்ளெக்டரே அந்த விளக்குக்காகச் செய்தது.

100/90 வாட் பல்பும் வேண்டாம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடும் வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும்.

அப்படியானால் என்னதான் செய்வது? முதலில் மெக்கானிக்கிடம் சொல்லி, விளக்கு எரியும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், ஹோல்டரில் எத்தனை வோல்ட் என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் வயரிலும் சுவிட்சிலும் பாதி வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இந்த வகைப் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராக நல்ல வயர்: இவ்வளவு போதும், அதே பல்பு முழு வெளிச்சம் தரும்.

அடுத்தது லெவல். சமதரையில் ஒரு சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டின் நடு உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஸ்டாண்டில் ஏற்றாமல், நீங்கள் ஏறி உட்கார்ந்து டிம் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் தூக்கும். அடிக்கடி இருவர் போவதானால் அதற்கும் சேர்த்து இறக்கி வையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்த உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஆனால் அபராதத்துக்காக அல்ல, எதிரே வருபவரின் கண்ணுக்காகவே இதையெல்லாம் சொல்கிறேன். நான்குவழிச் சாலைகளின் நடுவில் அரளி நட்டிருப்பதற்கு ஒரு காரணமே எதிர் வெளிச்சத்தை மறைப்பதுதான். உங்கள் சாலையில் அரளி இல்லை. எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கண் கூசி மூன்று நொடி எதுவும் தெரியாமல் தவித்தால், அதற்குள் 50 மீட்டர் கடந்திருப்பார். அந்த 50 மீட்டருக்குள் லைட் இல்லாத ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருக்கலாம். எதிர் வெளிச்சம் தெரிந்த உடனேயே டிம்முக்கு மாறுங்கள். முன்னால் போகிறவரின் பின்னாலும் டிம்தான். அவர் கண்ணாடியில் உங்கள் பிரைட் அப்படியே அடிக்கும். மீட்டரில் நீல விளக்கு எரிந்தால் பிரைட்டில் இருக்கிறீர்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக்குகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால், பகல் முழுக்கப் பிரைட்டிலேயே போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

எதிரே வருபவர் டிம் அடிக்காவிட்டால் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். கேட்கவில்லையென்றால் பதிலுக்குப் பிரைட் போட்டு வைக்காதீர்கள். இருவருக்கும் கண் தெரியாமல் போனால் சாலையில் யாருக்குமே தெரியாது. வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி அவரைக் கடக்க விடுங்கள்.

இந்த வார விடுமுறையில் ஹெட்லைட் கண்ணாடியைக் கழுவித் துடைத்து, வயரிங்கையும் லெவலையும் பார்த்துவிடுங்கள். பல்பு வாங்குவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம். எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.