திருத்தி அமைத்த விண்டோஸ்: நன்மையும் அபாயமும்

சித்தூர், திருப்பதியில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் படிப்புக்கும் வங்கி வேலைக்கும் ஒரே பழைய கணிப்பொறிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; பழைய கணிப்பொறிகள் பலவற்றில் அது இல்லை.

இந்நிபந்தனையை நீக்கி, பல பகுதிகளையும் வெட்டிய நிறுவல் கோப்புகளைத் தனியார் சிலர் தருகின்றனர். 2023-இல் வந்த ‘டைனி11’ அத்தகையது.

நன்மை உண்டு. வட்டில் இடம் மிச்சமாகும்; பழைய கணிப்பொறியும் ஓடும். அபாயம் என்ன? சீல் உடைந்த வேகனை ரயில்வேயில் சோதிக்காமல் ஏற்பதில்லை. இங்கோ சோதிப்பது நம்மால் ஆகாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போகலாம். கடவுச்சொல் திருடும் நிரல் கலந்திருக்கலாம்.

எஸ்.எச்.ஏ.-256 சரிபார்ப்பு எண்ணின் 64 எழுத்துகளும் ஒத்திருந்தால், கோப்பு வழியில் மாறவில்லை என்றே பொருள். வெளியிட்டவரே கலந்ததை அது காட்டாது.

ஆகவே வங்கிக் கணக்கைத் திறக்கும் கணிப்பொறியில் இதை ஏற்ற வேண்டாம். சி-டாக் நிறுவனத்தின் ‘பாஸ்’ லினக்ஸ் இலவசம். தமிழும் தெலுங்கும் உண்டு. எதை நிறுவினாலும், முதலில் குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.