ஒரகடத்தில் இருக்கும் மருமகனுக்கு

மயிலாப்பூர்,
ஞாயிறு

அன்புள்ள சரவணனுக்கு,

மாமா எழுதுவது. ஒரகடம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கீபோர்டோடு உட்காரப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உன் வயதில் இந்தக் கிறுக்குப் பிடிக்காதவன் வாத்தியத்தைத் தொட்டுப் பிரயோஜனமில்லை. ஆனால் யாரிடம் கற்றுக்கொள்கிறாய் என்று தீபாவளிக்குக் கேட்டபோது, "யூடியூப்லயே எல்லாம் இருக்கு மாமா" என்றாயே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்காகத்தான் தன்ராஜ் மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன்.

லஸ் பக்கம் சாயி லாட்ஜில் ஓர் அறை. அங்கே இருந்துகொண்டுதான் மாஸ்டர் பியானோ, கிட்டார், மேல்நாட்டு இசை இலக்கணம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்த ராசய்யா அந்த அறைக்குத்தான் படிக்கப் போனார். ராசய்யாவை 'ராஜா' ஆக்கியவர் மாஸ்டர். 1976இல் 'அன்னக்கிளி' படம் வந்தபோது பஞ்சு அருணாசலம் அதற்கு முன்னால் 'இளைய' சேர்த்தார். அதே மாஸ்டரிடம் பிறகு திலீப் என்று ஒரு சிறுவனும் படித்தான். அவனை உனக்கு ஏ.ஆர்.ரஹ்மானாகத் தெரியும். ஒரே ஆளிடம் படித்த இருவரில் ஒருவர் பாட்டின் சாயல் மற்றவர் பாட்டில் இல்லை, கவனித்தாயா? ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்!

நான் அவரிடம் படித்தவனில்லை. மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார் வாசித்துக் காலம் தள்ளியவன். முறையாக நோட்ஸ் படித்தவர்களோடு மேடையில் நின்றபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. எங்களுக்குப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் கைக்கு வரும். அவர்கள் முன்னால் தாளை வைத்தால் போதும், வாசித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தக் கால ரெக்கார்டிங்கில் பாடகர், வயலின் வரிசை, தபேலா, புல்லாங்குழல் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். ஒருத்தன் ஓரிடத்தில் தவறினாலும் டேக் மறுபடி முதலிலிருந்து. கால்ஷீட் நேரம் ஓடிக்கொண்டிருக்கும், தயாரிப்பாளர் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். உன் லைனில் ஒரு ஸ்டேஷன் நின்றால் மொத்தக் கன்வேயரும் நிற்குமே, அதே கதை. பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிந்தவனைத்தான் மறுநாளும் கூப்பிடுவார்கள்.

"நான் வாசிக்க நினைப்பது ஜாஸ், அதற்கு எதற்கு நோட்ஸ்? மனசுக்கு வந்ததை வாசிப்பதுதானே அது" என்பாய். மனசுக்கு வந்ததுதான். ஆனால் எத்தனையாவது பாரில் இருக்கிறோம் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பன்னிரண்டு பார் புளூஸை எடுத்துக்கொள். சி கார்டு நான்கு பார், எஃப் இரண்டு, மறுபடி சி இரண்டு, ஜி ஒன்று, எஃப் ஒன்று, கடைசி இரண்டும் சி. இதை இடது கை தூக்கத்திலும் வாசிக்கிற அளவுக்கு வந்த பிறகுதான் வலது கைக்குச் சுதந்திரம். நம் கர்நாடகக் கச்சேரியிலும் கற்பனை ஸ்வரம் பாடுகிறவர் எவ்வளவு தூரம் போனாலும் எடுப்புக்குச் சரியாக வந்து சேரவில்லையா? 1958இல் ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் குவார்ட்டெட் மதராஸுக்கு வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு அவர்களால் சேர்ந்து வாசிக்க முடிந்தது இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் இருந்ததால்தான்.

பம்பாயிலும் தன்ராஜ் மாஸ்டரைப் போல ஒரு வாத்தியார் இருந்தார். கோவாவிலிருந்து போன வயலின்காரர் அந்தோணி கொன்சால்வஸ். ஆர்.டி.பர்மனும் லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் ஜோடியில் பியாரேலாலும் அவருடைய மாணவர்கள். 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் அமிதாப் முட்டைக்குள்ளிருந்து வந்து இந்தப் பெயரைச் சொல்லிப் பாடுவாரே, அது பியாரேலால் தன் வாத்தியாருக்குச் செய்த மரியாதை. நாடே பாடியது, எத்தனை பேருக்கு அப்படி ஒரு மனிதர் இருந்தது தெரியும்?

இப்போது உன் விஷயம். ராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் படித்த காலத்தில் பட்டினி கிடந்து படிக்கவில்லை. ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், ரெக்கார்டிங்குகளில் கிட்டார் வாசித்தார், அந்தச் சம்பாத்தியத்தில்தான் படிப்பும் நடந்தது. உனக்கு அந்தச் சம்பாத்தியத்தை ஒரகடம் தருகிறது. பிடிக்கிறதோ இல்லையோ, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஓ.டி.யைக் குறைத்துக்கொள், வேலையை விடாதே. இரவு நேர சி ஷிப்ட் வாரத்தில் உடம்பு ஒத்துழைக்காது, அந்த வாரம் கேட்பதோடு நிறுத்திக்கொள். மற்ற வாரங்களில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தினமும் உட்கார். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் கடைக்குப் போய் ட்ரினிட்டி கிரேடு தேர்வுக்கு என்ன வழி என்று விசாரி. சான்றிதழை யாரும் கேட்கப்போவதில்லை. தேதி குறித்த தேர்வு ஒன்று இருந்தால்தான் உன்னைப் போன்ற சோம்பேறி உட்காருவான், அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. உன் அறையில் தங்கியிருக்கிற அசாம் பையன் கிட்டார் நன்றாக வாசிப்பான் என்றாய். மெஸ் மேஜையில் தாளம் போட்டு எல்லோரிடமும் திட்டு வாங்குகிற அப்ரண்டிஸ் ஒருவனும் இருக்கிறான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை விடுதி விடுதியாக எத்தனை ஊர்ப் பிள்ளைகள்! அவர்களில் கை துடிக்கிறவன் நீ ஒருவன் மட்டும்தானா? அந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு ஆயுத பூஜைக்குள் இரண்டு பாட்டாவது தயார் செய். நீதான் லீடர். லீடர் என்றால் நடுவில் நின்று நீளமாக சோலோ வாசிப்பவன் என்று நினைக்காதே. ஒன் டூ த்ரீ ஃபோர் எண்ணித் தொடங்கி வைப்பது, மற்றவன் வாசிக்கும்போது உன் வால்யூமைக் குறைப்பது, இந்த வாரம் நீ படித்ததை அந்த வாரமே அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது, இவ்வளவுதான் லீடரின் வேலை. யூடியூப் உனக்குச் சொல்லிக்கொடுக்கும், நீ தப்பாக வாசித்தால் நிறுத்தச் சொல்லாது. அதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த வீக்-ஆஃபுக்கு இங்கே வா, அந்தப் பையன்களையும் கூட்டிக்கொண்டு வா. அத்தை சமைத்து வைப்பாள். ராஜினாமா லெட்டர் ஏதாவது எழுதி வைத்திருந்தால் முதலில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அம்மாவுக்கு ஒரு போன் செய்.

அன்புடன்,
மாமா